பழைய கேமராவும் சோழநாட்டு வெயிலும்

வெள்ளி, தஞ்சாவூர்

பெரிய கோயிலுக்குள் காலை ஏழு மணிக்கு முன்பே நுழைந்தாயிற்று. என் தோளில் நிக்கான் டி5300. கூடவே மனைவியின் தம்பி, அவன் கையில் போன். அந்தப் போன் வாங்கிய காசில் என் கேமரா, மூன்று லென்ஸ், இந்தப் பயணத்தின் சாப்பாட்டுச் செலவு எல்லாமே அடங்கிவிடும். கேமரா 2013-இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல். எனக்குக் கிடைத்தது செகண்ட் ஹேண்டில். நிக்கானும் கேனானும் 2020-க்குப் பிறகு இந்த மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர் எதையும் புதிதாக இறக்கவில்லை. எல்லோரும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் இவற்றின் விலை இறங்கிக் கிடக்கிறது. நமக்கு அதுதானே வேண்டும்.

"என் போனே போதுமே மாமா, இதை எதுக்குச் சுமக்குறீங்க?" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டான். "திரும்பி வரும்போது பேசிக்கலாம் மாப்ளே" என்று தள்ளிப்போட்டேன்.

வந்தவர்கள் எல்லோரும் நந்தியையும் விமானத்தையும் சேர்த்துப் பிடிக்கும் இடத்தில் நின்றார்கள். நாங்கள் நேராகத் தெற்குச் சுவருக்குப் போனோம். காரணம் இருக்கிறது. கோயில் கிழக்குப் பார்த்தது. மாசி மாதத்தில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை, கொஞ்சம் தெற்கே தள்ளித்தான் உதிக்கிறது. அதனால் காலை வெயில் தெற்குச் சுவரில் முட்டுவதில்லை, சுவரை உரசிக்கொண்டு போகிறது. சிற்பம் எடுப்பவருக்கு இதைவிட வேறு விளக்கு தேவையில்லை.

மாடத்துப் பிட்சாடனர், அதாவது பிச்சையேற்கும் கோலத்துச் சிவன் முன்னால் நின்றேன். வெயில் பக்கவாட்டில் வந்ததால் மார்பில் கிடக்கும் மாலையின் ஒவ்வொரு மணிக்கும் தனியாக ஒரு நிழல். முழங்காலின் உருண்டை, விரல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி, எல்லாம் கல்லை விட்டு எழுந்து நின்றன. இதே சிலையை உச்சி வெயிலில் எடுத்தால் ஒளி தலைமேலிருந்து விழும், கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். முகமே மாறிவிடும்.

கேமராவில் நான் வைத்தது அபர்ச்சர் ப்ரையாரிட்டி, அதாவது 'ஏ' மோட். ஒளி நுழையும் துளையின் அளவை நாம் வைப்போம், ஷட்டர் நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எஃப் 8, ஐ.எஸ்.ஓ 100. எஃப் எண் கூடினால் துளை சின்னதாகும், ஐ.எஸ்.ஓ கூடினால் குறைந்த வெளிச்சத்திலும் படம் பிரகாசமாக வரும். கேமராவோடு கூடவே வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸை ஏளனம் செய்கிறவர்கள் பெரும்பாலும் அதை எஃப் 8-இல் வைத்துப் பார்க்காதவர்கள். ஓரம்வரை துல்லியமாக இருக்கும். எஃப் 16, 22 என்று இன்னும் மூடினால் எல்லாமே தெளிவாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சின்னத் துளை வழியாக நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் மொத்தமும் மெலிதாக மழுங்கத்தான் செய்யும். இன்னொன்று, சுவரில் நிழல் அதிகம் என்பதால் கேமரா படத்தைத் தேவைக்குமேல் வெளிச்சமாக்கப் பார்க்கும். வெயில் பட்ட கல் வெளுத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் மைனஸ் 0.7 வைத்தேன். மேலே அந்தக் குட்டிப் பட்டனில் பிளஸ், மைனஸ் போட்டிருக்கிறதே, அதுதான். கேமராவில் ஒரேயொரு பட்டனைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

சிற்பங்களைவிட என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது அதற்குக் கீழே ஓடும் கல்வெட்டு. உரசும் வெயிலில் உளி போன பள்ளத்தின் ஒரு கரை வெளிச்சம், மறு கரை இருட்டு. ஒரு 'ன'கரத்தின் சுழி எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று விரல் வைத்துப் பின்தொடரலாம்போல இருந்தது. வெயில் ஏற ஏற எழுத்து கல்லோடு கலந்துவிட்டது.

ராஜராஜன் தன் கொடைகளைச் சொல்லும் பேர்பெற்ற கல்வெட்டு வடக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. மாசியில் அந்தப் பக்கம் வெயிலே எட்டிப்பார்ப்பதில்லை. அதனால் மாலை திரும்ப வந்தோம். சூரியன் மறைந்து, கோயில் விளக்குகள் எரிவதற்கு முந்தைய சில நிமிடங்கள். மைத்துனன் தன் போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தான், நான் ஐ.எஸ்.ஓ-வை 1600-க்கு ஏற்றினேன். "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்" என்ற வரி அப்படியே எழுந்து வந்தது. அக்கன் என்றால் குந்தவை. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷைப் போட்டிருந்தால் நேரே அடித்து எழுத்தையெல்லாம் வழித்துப் போட்டிருக்கும். முக்காலி கொண்டுபோகவில்லை. தொல்லியல் துறைக் கோயில்களில் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

"டார்ச் என் போனோடது, ஞாபகம் வச்சுக்குங்க மாமா" என்றான். சரிதான்.

சனி, தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும்

கும்பகோணத்தில் தங்கியதால் தாராசுரத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். தஞ்சையில் எல்லாம் பெரிது, இங்கே எல்லாம் சிறிது. கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிப் பெரிய புராணக் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். அவசரமாகச் சுற்றுகிறவர் காலடியில் இருக்கிறதே தவிர கண்ணில் படாது.

இவற்றை எடுக்க மிகக் கிட்டே போய் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கிட் லென்ஸை 55-இல் வைத்தால் ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரம்வரை கிட்டே போகலாம். முதலை தான் விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாட்டுக்குத் திருப்பித் தரும் சிற்பம் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இவ்வளவு கிட்டே போனால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் அரை அங்குலம்கூட இருக்காது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாலும் முதலையின் வாய் தெளிவாகவும் வால் கலங்கியும் வரும். ஆகவே லென்ஸின் முகம் சிற்பத்துக்கு நேராக, சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். டி5300-இன் திரை வெளியே மடங்கித் திரும்பும். கேமராவைத் தரையோடு வைத்துவிட்டு மேலிருந்து திரையைப் பார்த்து எடுத்தேன். இந்த மடங்கும் திரை இல்லாத மாடலை ஆயிரம் இரண்டாயிரம் குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். நாற்பதைத் தாண்டிய முழங்கால் உள்ளவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல.

ஆட்டோ ஃபோகஸை கேமராவின் இஷ்டத்துக்கு விடாமல் ஒற்றைப் புள்ளியில் வைத்துக்கொண்டேன். 39 புள்ளிகள் இருக்கின்றன, அவை எல்லாமாகச் சேர்ந்து முடிவெடுத்தால் முன்னால் துருத்தி நிற்கும் கல்விளிம்பைத்தான் பிடிக்கும்.

முன்மண்டபத்தின் தேர்ச்சக்கரத்தையும் குதிரையையும் எல்லோரையும்போல நாங்களும் எடுத்தோம். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்தையும்தான். அதில் சொல்ல ஒன்றுமில்லை, எப்படி எடுத்தாலும் நன்றாக வரும்.

மண்டபத்துக்குள் தூண்களின் நடுவே வேறு கணக்கு. இங்கேதான் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினேன். நிக்கான் டி.எஸ்.எல்.ஆர் வைத்திருப்பவர் கிட் லென்ஸுக்கு அடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதை வாங்கலாம். கேனான்காரர்களுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். இருக்கிறது, 2015-இல் வந்தது, அதுவும் எடை குறைவு, விலையும் கட்டும். கிட் லென்ஸ் 35-ஐச் சுற்றி எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும். இது ஆறு மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். கை நடுக்கம் தெரியாமலிருக்க ஒரு பழைய கணக்கு உண்டு: லென்ஸின் மி.மீ. எண்ணை 1.5-ஆல் பெருக்கி, வருவதைக் கீழே போட்டுப் பின்னமாக்க வேண்டும். 35-க்கு 52 வருகிறது, ஆகவே ஷட்டர் 1/60 நொடி. எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ 1600. தூணின் மேல்பட்டையில் ஆடும் பெண்ணின் கால்சலங்கைவரை கிடைத்தது. 6400 வரை ஏற்றிப் பார்த்தேன். இருண்ட பகுதிகள் மணல்மணலாக வந்தன, ஆனால் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் அதுவே அழகாகத்தான் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கங்கைகொண்ட சோழபுரம். கொள்ளிடம் தாண்டிப் போக வேண்டும். இங்கே எனக்கு ஒரே வேலை, சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவன் சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றும் சிற்பம். ராஜேந்திரனுக்கே முடிசூட்டுவதுபோல என்று பலர் பொருள் சொல்வார்கள். இருப்பது வடக்குப் படிக்கட்டை ஒட்டிய சுவரில். நல்ல வெயில் நேரத்திலும் நிழல்தான்.

நிழலைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. குனிந்த தலையும் அதன்மேல் சிவனின் விரல்களும் இருக்கும் இந்தச் சிற்பத்துக்கு முரட்டு நிழல் விழாத மென்மையான ஒளி பொருந்துகிறது. சிக்கல் நிறத்தில்தான். நிழலில் விழுவது நீல வானத்தின் ஒளி என்பதால் கல் நீலம் பாய்ந்து வரும். ஒயிட் பேலன்ஸை 'ஷேடு' என்பதற்கு மாற்றினால் கல்லுக்குரிய பழுப்பு திரும்பிவிடும். 'ரா' ஃபைலாக, அதாவது சென்சார் பார்த்ததை அப்படியே சேமிக்கும் வகையில் எடுத்தால் வீட்டிலும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த இடத்திலேயே கண்ணால் ஒப்பிட்டு வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கிறது. வீட்டுக்குப் போனபின் அந்தக் கல் என்ன நிறம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

வடக்குச் சுவரில் உரசும் வெயில் வேண்டுமென்றால் ஜூனில் வர வேண்டும். அப்போது சூரியன் வடகிழக்கில் உதிக்கும். அந்த வெயிலில் தரைக்கல்லில் செருப்பில்லாமல் நிற்கும் தெம்பு இருக்கிறவர்கள் போகலாம்.

ஞாயிறு, தரங்கம்பாடி

டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டைக்கு முன்னால் விடியலுக்கு முன்பே நின்றோம். கோட்டை அப்போது பூட்டியிருக்கும், அதற்கு வெளியே கடற்கரையில்தான் வேலை. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் பாதியைக் கடல் தின்றுவிட்டது. கரையில் கொட்டிய பாறைகளுக்கு நடுவே அலை புகுந்து வெளியேறுகிறது.

ஷட்டரை அரை நொடி திறந்துவைத்தால் அந்த நுரை பாறைமேல் புகையாகப் படியும். கையில் பிடித்து அரை நொடி எடுக்க முடியாது. என்னிடம் இருப்பது பழைய பனியன் துணியில் தைத்து அரிசி நிரப்பிய பை. பாறைமேல் அதை வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி உட்காரவைத்தேன். ஐ.எஸ்.ஓ 100, எஃப் 11, இரண்டு நொடி டைமர். விரல் பட்டனை அழுத்தும் அதிர்வு அடங்கிய பிறகு ஷட்டர் திறக்கும். லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிட வேண்டும். அலை வரும்போது எடுத்ததைவிடத் திரும்பிப் போகும்போது எடுத்தவற்றில்தான் நீரின் கோடுகள் தெரிந்தன.

சூரியன் எழுந்ததும் ஆட்டம் மாறியது. எதிரில் கண்கூசும் வானம், இந்தப் பக்கம் இருண்ட கோயில். கேமராவில் வானத்துக்கு வைத்தால் கோயில் கரியாகிறது, கோயிலுக்கு வைத்தால் வானம் வெள்ளைத்தாள். மைத்துனன் போனை நீட்டினான், ஒரு தட்டு, இரண்டுமே இருந்தன. போன் கண்ணிமைப்பதற்குள் பல படங்களை எடுத்துத் தானே ஒட்டிக்கொள்கிறது. என் கேமராவிலும் இரண்டு படங்களை ஒட்டும் எச்.டி.ஆர் உண்டு, ஆனால் 'ரா'வில் அது ஓடாது. நான் வானத்துக்கு வைத்து 'ரா'வில் எடுத்து, அறைக்கு வந்து டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நிழலை உயர்த்தினேன். இந்த சென்சார் ஐ.எஸ்.ஓ 100-இல் நிழலுக்குள் நிறைய ஒளித்துவைத்திருக்கும். என் படம் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் அவன் படம் ஏழு மணிக்கே வீட்டு வாட்ஸப் குரூப்பில் இருந்தது. விடியல் போனுக்கு என்று ஒத்துக்கொண்டேன்.

லென்ஸின் மேல் உப்புத் திவலை படிந்திருந்தது. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதல் பம்பால் ஊதி, துணியை லேசாக நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். முன்னால் ஒரு மலிவான யு.வி. ஃபில்டர் இருந்தால் கீறல் அதோடு போகும். கடற்கரை தவிர மற்ற இடங்களில் அதைக் கழற்றிவைப்பதே நல்லது, விளக்கொளியில் தேவையில்லாத பிரதிபலிப்பைக் கொண்டுவரும்.

திங்கள், வேதாரண்யமும் கோடியக்கரையும்

வேதாரண்யத்தில் வாடகைக் கார் எடுத்தோம். அகத்தியம்பள்ளி வழியில் உப்பளங்கள். ராஜாஜி 1930-இல் உப்பெடுக்க வந்த இடம் இதுதான். கீற்றுப் போட்டு மூடிய குவியல்கள் போக, திறந்து கிடந்த ஒரு குவியலை எடுத்தேன். திரையில் உப்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல், வெள்ளையைப் பார்த்தால் அதை இருட்டாக்கிவிடும். பிளஸ் 1.3 வைத்தேன், உப்பு உப்பாக வந்தது. தஞ்சையில் மைனஸ், இங்கே பிளஸ், அதே பட்டன்.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் உலக முக்கியத்துவம் கொண்ட சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். வெட்டவெளிப் புல்லில் வெளிமான் கூட்டம். பெண்களும் குட்டிகளும் மஞ்சள் பழுப்பு, நடுவில் முறுக்கிய கொம்போடு கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ஆண். காரை நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொன்னேன். எஞ்சின் ஓடினால் கார் முழுவதும் அதிரும், 300 மி.மீ.யில் அது படத்தில் தெரியும். பாதி இறக்கிய கண்ணாடிமேல் அரிசிப் பை, அதன்மேல் 70-300 லென்ஸ்.

இங்கே ஷட்டர் நேரத்தை நாமே வைக்கும் 'எஸ்' மோட். 1/1000 நொடி, ஆட்டோ ஐ.எஸ்.ஓ, நகர்வதை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ், அதாவது ஏ.எஃப்-சி. இறங்கி நடந்து கிட்டே போகலாமா என்று மைத்துனன் கேட்டான். ஓட்டுநர் அண்ணன் முந்திக்கொண்டார்: "எறங்குனா ஓடிரும் தம்பி. வண்டிய அதுங்க கண்டுக்காது." அவர் சொன்னதுபோலவே கொஞ்ச நேரத்தில் ஆண்மான் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டே கிட்டே வந்தது. நொடிக்கு ஐந்து படம் எடுக்கும் கேமரா, ஆனால் 'ரா'வில் ஆறேழு படத்துக்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். விலை குறைந்த கேமராக்கள் விட்டுக்கொடுப்பது இந்த மாதிரி இடங்களில்தான். ஆகவே பட்டனை அமுக்கிப் பிடிக்காமல், மான் தலையைத் தூக்கும்போது மட்டும் இரண்டிரண்டாக எடுத்தேன். கண்மேல் ஒற்றைப் புள்ளி. கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை வளையம், அதில் ஒட்டியிருந்த புல்விதை, காதோரத்தில் ஒரு ஈ. இதைப் போனில் எடுத்த மைத்துனன் படத்தில் புல்வெளியும் அதில் ஒரு பழுப்புப் புள்ளியும் இருந்தன. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கேமராவை வாங்கித் தானே கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

ஒன்பதரைக்கு மேல் படங்கள் தெளிவில்லாமல் வரத் தொடங்கின. ஃபோகஸ் சரி, ஷட்டர் சரி, ஆனாலும் மானின் ஓரமெல்லாம் நெளிந்தது. தரை சூடானதும் எழும் கானல்தான் காரணம். எத்தனை லட்சம் போட்டு லென்ஸ் வாங்கினாலும் நடுவிலிருக்கும் காற்றை அது மாற்றாது. கேமராவை உள்ளே வைத்துவிட்டு மரநிழலில் தோசை சாப்பிட்டோம்.

பூநாரைகள் மாலையில் கிடைத்தன, வெகு தூரத்தில், சதுப்பு நிலத்து நீரில் ஒரு இளஞ்சிவப்புக் கோடாக. 300 மி.மீ. போதவில்லை. 600 இருந்தால் என்ற நினைப்பு வந்தது, அந்த நினைப்புக்கு விலை என் மொத்தப் பையைவிடப் பல மடங்கு. அதனால் பறவையைப் பெரிதாக்கும் ஆசையை விட்டுவிட்டுக் கிட் லென்ஸை மாட்டி நீர், வானம், நடுவில் அந்தக் கோடு என்று எடுத்தேன். பறவைப் படம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்தது அதுதான்.

செவ்வாய், ஊர் திரும்பும் வழி

"சரி மாமா, செகண்ட் ஹேண்ட்ல வாங்கணும்னா என்ன பாக்கணும்?" கேள்வி மன்னார்குடி தாண்டும்போது வந்தது.

முதலில் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிக்கான் என்றால் ஒவ்வொரு படத்தின் தகவலுக்குள்ளும் அந்த எண் இருக்கும், ஒரு படம் எடுத்து மெயிலில் போட்டுக்கொண்டு போனால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கேனானில் அவ்வளவு சுலபமில்லை. அடுத்து, எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்க வேண்டும். கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அது சுத்தம் செய்தால் போய்விடும், விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். பூஞ்சை அப்படியல்ல. லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல்போலக் கிளைகள் தெரியும். கடலோர ஊர்களிலிருந்து வரும் லென்ஸில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. நிக்கானின் பழைய 50 மி.மீ. 'டி' வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 3000, 5000 வரிசைக் கேமராக்களில் அதற்கு ஆட்டோ ஃபோகஸ் ஓடாது, அதை ஓட்டும் மோட்டார் அந்தக் கேமரா உடல்களில் இல்லை. 7000 வரிசையில் ஓடும். அதேபோல் புது ஏ.எஃப்-பி லென்ஸ்கள் டி7000 போன்ற பழைய உடல்களில் ஃபோகஸ் செய்யாது. லென்ஸை உங்கள் கேமராவிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

"புதுசா மிரர்லெஸ்ஸே வாங்கிட்டா?" வாங்கலாம். கேனான் ஆர்50, நிக்கான் இசட்30 எல்லாம் கைக்கு அடக்கமானவை, மனிதர்களின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும். ஓடியாடும் குழந்தைகளை எடுக்கிறவருக்கு அது பெரிய வசதி. இசட்30-இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது, கோயில் பிராகாரத்து வெயிலில் திரையைப் பார்த்துத் தடுமாற வேண்டியிருக்கும். நீ கல்லையும் மானையும்தானே எடுக்கப்போகிறாய், பழையதே போதும், மிச்சக் காசை லென்ஸில் போடு என்றேன்.

தஞ்சாவூர் வருவதற்குள் அவன் போனில் மூன்று விளம்பரங்களைச் சேமித்துவிட்டான். ஒன்று நாகப்பட்டினத்துக்காரருடையது. டார்ச்சோடு போ மாப்ளே என்று சொல்லியிருக்கிறேன்.